அந்தப் பலகையைக் கழற்றுங்கள்: மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் எங்கள் புறவழிச்சாலை முக்கில் ஒரு பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற ஒரு கூட்டத்தின் படம். "விபத்து நடந்தால் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோம்! மனிதநேயம் எங்கே போனது?" என்று எழுதியிருக்கிறது. என் உரக்கடை வாசலிலிருந்து நாற்பது அடிதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதும் அது கண்ணில் படுகிறது, ராத்திரி பூட்டும்போதும் படுகிறது.

சாலைப் பாதுகாப்பு மாதக் கூட்டத்துக்கு வியாபாரிகள் சார்பில் நானும் வந்திருந்தேன். மேடையில் பேசிய அதிகாரி ஒருவர் "ஜனங்களுக்கு மனசாட்சி செத்துப்போச்சு, ரத்தத்தைப் பார்த்தா வீடியோதான் எடுக்குறாங்க" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேச எழுந்தேன், மைக் என் பக்கம் வரவில்லை. அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். 22 வருடமாக அந்த முக்கில் கடை வைத்திருக்கிறேன், எத்தனை விபத்து பார்த்தேன் என்று எண்ணுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது, எங்களுக்கு மனசாட்சி இல்லை என்று நீங்கள் எழுதி வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டிருந்தது, மாலை ஆறு மணி இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் பால் கேனோடு வந்தவர்களை லாரி ஒன்று உரசிவிட்டுப் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னாலேயே இருபது பேர் வந்துவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் முப்பது பேர் ஆனோம். ரோடு முழுக்கப் பால். அந்த அம்மா எழுந்து உட்கார முயற்சி செய்துகொண்டிருந்தார், அவருடைய வீட்டுக்காரர் அசையவில்லை. நான் நின்றேன். நாலைந்து நிமிடம் நின்றிருப்பேன், அந்த நேரம் முழுக்கக் கைப்பேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. மனசு கல்லாகி நிற்கவில்லை, எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நிற்பவர்கள் 108-க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் பின்னால் நிற்பவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். முப்பது பேரில் ஒருவர்கூட அதுவரை கூப்பிட்டிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இட்லிக்கடை அக்கா வந்தார். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தவர், "யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா" என்று பொதுவாகக் கத்தவில்லை. நேராக என்னைப் பார்த்து, "உரக்கடை அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க" என்றார். "கோடு போட்ட சட்டை, தம்பி, உன்னத்தான், அந்தப் பக்கம் போய் வண்டிங்கள நிறுத்து. பஞ்சர் கடைப் பையா, உன் தார்ப்பாய எடுத்துட்டு ஓடியா." ஒரு கல்லூரிப் பையன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், இருட்டத் தொடங்கியிருந்தது, அவனைத் திட்டக்கூட இல்லை, "அந்த லைட்ட இங்க அடி சாமி" என்றார். அவன் உடனே டார்ச்சைப் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கையை இறக்காமல் பிடித்தபடி நின்றான். ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அதே முப்பது பேர், அதே ரோடு, ஒரு ஆள் மாறவில்லை. நீங்கள் பலகையில் வரைந்து வைத்திருக்கிறீர்களே, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டம், அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு ஒரு வேலை கொடுத்ததும் அவன் என்ன செய்தான் என்பதை நான் நேரில் பார்த்தவன்.

இருவரும் பிழைத்தார்கள். வீட்டுக்காரருக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா இப்போதும் சங்கத்துக்குப் பால் கொண்டுபோகும்போது கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்.

ஆனால் அந்த நாலைந்து நிமிடம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. என் மகள் கோயம்புத்தூரில் உளவியல் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது அவளிடம் சொன்னேன், நான் இவ்வளவு மோசமான ஆளா என்று கேட்டேன். அவள் சொன்ன விஷயம் உங்கள் குழுவுக்கும் தெரிய வேண்டும். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணை வீட்டு வாசலிலேயே ஒருவன் குத்திக் கொன்றான். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பெரிய பத்திரிகையில் செய்தி வந்து ஊரே அந்தத் தெருக்காரர்களைக் காறித் துப்பியது, இன்றைக்கு நீங்கள் எங்களைச் சொல்வது மாதிரியேதான். அந்தச் செய்தி பெரிதுபடுத்தப்பட்டது, 38 பேரும் முழுதாகப் பார்க்கவில்லை, சிலர் போலீசைக் கூப்பிட்டதாகவும் சொன்னார்கள் என்பதெல்லாம் பிற்பாடு வெளியே வந்தது. ஆனால் அதைப் படித்த டார்லி, லட்டானே என்ற இரண்டு ஆய்வாளர்கள், இவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று முடித்துக்கொள்ளாமல், சோதித்துப் பார்த்தார்கள். 1968-இல் வந்த ஆய்வு அது. தனித்தனி அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசும்போது, ஒரு குரல் வலிப்பு வந்து தவிப்பது கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி கேட்டு எழுந்து போனார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். சும்மா இருந்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லையாம், கை வேர்த்து, நடுங்கிக்கொண்டு, சோதனை நடத்தியவர் உள்ளே வந்ததும், வலிப்பு வந்தவருக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்களாம். என் கை நடுங்கியது ஞாபகம் வந்தது.

இன்னொரு சோதனையில் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தபோது பத்தில் ஒருவர்தான் சொன்னார். புகை தன் மேலேயே வருகிறது, அப்போதும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் மனுஷன். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவனும் அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறான், அடுத்தவன் சும்மா நிற்கிறான், சரி அவ்வளவு அவசரம் இல்லை போல என்று இவனும் நிற்கிறான், இவன் நிற்பதைப் பார்த்து அவன் நிற்கிறான். கெட்ட மனசே இல்லாமல் முப்பது பேர் இப்படி நிற்கலாம்.

அதற்காக எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் என்றாலே உறைந்துவிடும் என்பதும் உண்மை இல்லை. சமீபத்தில் இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்று நாட்டு நகரங்களில் தெருச் சண்டைகளின் கேமராப் பதிவுகள் 219-ஐ எடுத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் ஒருவராவது உள்ளே புகுந்து தடுக்கவோ விலக்கவோ பார்த்திருக்கிறார், ஆள் அதிகமாக அதிகமாக யாராவது ஒருவர் இறங்கும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. ஆக, முதலில் அசைகிற ஒரு ஆள் எங்களிடம் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எங்கள் முக்கில் இட்லிக்கடை அக்கா இருந்தார். ஆனால் அப்படி அசைகிறவர்களை இந்த மாவட்டத்தில் எப்படி நடத்தினார்கள் என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

மார்கழியில் ஒரு ராத்திரி, டியூஷன் முடிந்து சைக்கிளில் போன பையனைக் கார் ஒன்று அடித்துவிட்டது. 108 வேறு கேசுக்குப் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். அப்போது தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானைக்காரத் தம்பி ஒருவர் நிறுத்தி, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே இருபது பெட்டியை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் பையனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். பையன் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பியை என்ன செய்தார்கள் தெரியுமா? நீ யாரு, உன் வண்டிதான் இடிச்சுதா, பேர் சொல்லு, நம்பர் சொல்லு, இங்க கையெழுத்துப் போடு, போலீஸ் வராம நகரக் கூடாது என்று ராத்திரி ஒன்றரை மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மார்க்கெட் ஏலம் போச்சு. மிச்சப் பெட்டிகளை மறுநாள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அதோடு முடியவில்லை, ஸ்டேஷனிலிருந்து நாலு தடவை கூப்பிட்டார்கள், ஒருநாள் காலையில் போனவரைச் சாயங்காலம்வரை வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் வா என்று அனுப்பினார்கள். என் கடையில் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னவர், "இனிமே கண்ண மூடிக்கிட்டுப் போயிடுவேண்ணே" என்றார். அவர் சொன்னதை நான் மட்டும் கேட்கவில்லை. பஞ்சர் கடையில் சொன்னார், ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார், ஒரு வாரத்தில் முக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மாசியில், மத்தியான வெயிலில், நடந்து ரோட்டைக் கடந்த பெரியவர் ஒருவரை பைக் மோதிவிட்டது. அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை, மாசி களரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் குடோனிலிருந்து வருவதற்குள் கூட்டம் வட்டம் கட்டிவிட்டது. 108-க்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கிட்டே போகவில்லை. ஐப்பசியில் தார்ப்பாயோடு ஓடி வந்த அதே பஞ்சர் கடைப் பையன் என் கையைப் பிடித்து, "வேணாம்ணே, நம்மள கேப்பாங்கண்ணே" என்றான். தார் ரோட்டுச் சூட்டில் அந்தப் பெரியவர் கிடந்தார், ஒரு குடையைக்கூட அவருக்கு மேலே யாரும் பிடிக்கவில்லை, நான்தான் போய்ப் பிடித்தேன், அப்போதும் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பெரியவர் மறுநாள் இறந்துவிட்டார். முன்னாலேயே யாராவது தொட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பையனின் மனசாட்சி நாலு மாதத்தில் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தது யார் என்று அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. உதவி செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-இல் உத்தரவு போட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2020 செப்டம்பரில் விதிகளும் வந்துவிட்டன. உதவி செய்தவர் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி போலீசோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. அவராக விரும்பிச் சாட்சி சொன்னால், அவர் வீட்டிலோ கடையிலோ வந்து விசாரிக்கலாம், ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாலும் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். இந்த உரிமைகளை எழுதி அரசு, தனியார் என்று எல்லா ஆஸ்பத்திரிகளும் நுழைவாயிலில் உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். இதெல்லாம் விதியில் இருக்கிறது, என் மகள் எடுத்துப் படித்துக் காட்டினாள். அந்தத் தம்பியை உட்கார வைத்த ஆஸ்பத்திரிக்கு நானே போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி விடவும், அமைதி காக்கவும், பார்வையாளர் நேரம், எல்லாவற்றுக்கும் பலகை இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

பலகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு கல்மரக் காடு இருக்கிறது, நம் திருவக்கரையில் இருக்கிறதே, மரம் கல்லாகிப் போனது, அந்த மாதிரி. அங்கே வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சியால்டினி என்ற ஆய்வாளரின் குழு அங்கே விதவிதமாகப் பலகை வைத்துப் பார்த்தது. "இதற்கு முன் வந்த நிறையப் பேர் எடுத்துப்போனதால் காடே மாறிவிட்டது" என்ற பொருளில் ஒரு பலகை, "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று ஒரு பலகை. நிறையப் பேர் எடுக்கிறார்கள் என்று சொன்ன பலகை இருந்த இடத்தில்தான் திருட்டு அதிகமாக இருந்தது. எல்லோரும் செய்கிறார்கள் என்று கேட்டதும், சரி இது ஊர் வழக்கம் போல என்று மனசு எடுத்துக்கொள்கிறது. இப்போது உங்கள் பலகையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோம்." திட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த விபத்தில் அங்கே நிற்கப்போகிறவனுக்கு, நீ சும்மா நிற்பது சகஜம்தான் என்று அரசாங்க முத்திரையோடு சொல்லிக்கொடுக்கிறது அது.

காசு கொடுத்தால் உதவுவார்கள் என்றும் நினைக்கிறீர்கள் போல. மத்திய அரசு 2021-இல் 5,000 ரூபாய் வெகுமதி என்றது, அப்புறம் 25,000 ஆக்கினார்கள். கொடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டியானைத் தம்பி நிறுத்தும்போது காசை நினைக்கவில்லை, இனி நிறுத்த மாட்டேன் என்று சொன்னதற்கும் காசு காரணம் இல்லை. நடுராத்திரியில் குற்றவாளி மாதிரி பெஞ்சில் உட்கார வைத்த அவமானம்தான் காரணம். தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 64,105 விபத்து, 17,884 சாவு என்று அரசுக் கணக்கு சொல்கிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. நல்ல திட்டம், எங்கள் முக்கிலேயே அதில் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த 48 மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் டாக்டர் கையில் இல்லை, எங்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். முதலில் அந்தப் பலகையை இந்த வாரமே கழற்றுங்கள். அந்த இடத்திலேயே வேறொன்று வையுங்கள்: உதவி செய்கிறவரிடம் பெயர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதையும், ஒரு ஆளைக் கைகாட்டி 108-க்குச் சொல்லச் சொல்லுங்கள் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்த முக்கு எந்தச் சாலையில் எத்தனையாவது கிலோமீட்டர் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அன்றைக்கு 108-இல் இடம் கேட்டபோது, 22 வருடம் அங்கே இருக்கிற எனக்கே சொல்லத் தடுமாறியது.

மாவட்டத்தில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு வாசலிலும் உதவி செய்பவரின் உரிமைப் பலகை தமிழில் இருக்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் ஆள் அனுப்பிப் பாருங்கள், இல்லாத இடங்களின் பெயரை அடுத்த கூட்டத்தில் வெளியே சொல்லுங்கள். ராத்திரி பணியில் இருக்கும் காவலாளிக்கும் சீட்டு எழுதுகிறவருக்கும் அந்த விதியை வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் எங்களைச் சந்திப்பது அவர்கள்தான். அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலம் உத்தரவு போகட்டும், அதன் நகலை எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கும் கொடுங்கள்.

விபத்து அதிகம் நடக்கும் முக்குகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு முக்கிலும் டீக்கடை, பஞ்சர் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பூக்கடை இருக்கும், அங்கே இருப்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள். அடிபட்டவருக்குச் சோடா, தண்ணீர் கொடுக்கலாமா, ஹெல்மெட்டைக் கழற்றலாமா, எப்படித் தூக்குவது என்பதை 108-இல் வேலை செய்கிறவர்களே வந்து காட்டட்டும். ஐப்பசியில் அந்த அம்மாவுக்கு ஒருவர் சோடா உடைத்துக் கொண்டுவந்தார், ஆம்புலன்ஸில் வந்த தம்பி வாங்கித் தூர வைத்தார், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. பயிற்சி முடிந்ததும் இன்னாருக்கு இன்ன வேலை என்று அங்கேயே பேர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள்: போன் இவர், வண்டியை நிறுத்துவது இவர், கூட்டத்தை ஒதுக்குவது இவர். எங்கள் முக்கில் அந்தப் பயிற்சியை இட்லிக்கடை அக்காவை முன்னால் நிறுத்தி நடத்துங்கள். என் குடோனைக் காலி செய்து இடம் தருகிறேன், நாற்காலியும் தருகிறேன்.

கடைசியாக, அந்தக் குட்டியானைத் தம்பியிடம் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் போய்ப் பேச வேண்டும். மேடைக்கு வரவழைத்துச் சால்வை போட வேண்டாம். அவர் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய், அன்றைக்கு நடந்தது தப்பு என்று ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டும், நஷ்டமான தக்காளிக்கு என்ன செய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும். அவர் சம்மதித்தால் விவரத்தை நானே நேரில் வந்து தருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள், அன்றைக்குப் பஞ்சர் கடைப் பையனையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
புறவழிச்சாலை முக்கு உரக்கடைக்காரர்